டின்னில் ‘மைல்டு’ என்று போட்டிருந்தது, குழந்தையின் கழுத்து ஏன் சிவந்தது?

கேள்வி:

என் மகளுக்கு இரண்டு வயது. கடை சோப்பு அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டிலேயே பேபி வாஷ் செய்ய ஆரம்பித்தேன். ஆன்லைனில் ஒரு லிட்டர் டெசில் குளுக்கோசைட் வாங்கினேன். தேங்காயிலும் மக்காச்சோளத்திலும் இருந்து எடுத்தது, மிக மைல்டான சர்ஃபாக்டன்ட் (நுரைத்து அழுக்கை எடுக்கும் சரக்கு), எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கும் எமல்சிஃபையராகவும் வேலை செய்யும் என்று போட்டிருந்தார்கள். நூறு மில்லிக்கு நாற்பது மில்லி அது. மீதி பன்னீர், வீட்டுக் கற்றாழை, ஐந்து மில்லி தேங்காய் எண்ணெய், கெட்டுப்போகாமல் இருக்க வைட்டமின் ஈ கேப்ஸ்யூல். கெட்டியாகட்டும் என்று உப்பு போட்டேன், ஆகவில்லை. எண்ணெயும் மேலே மிதக்கிறது. எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் முப்பது பாட்டில் விற்றது. இப்போது எட்டு மாதக் குழந்தையின் அம்மா ஒருவர், மூன்றாம் நாளே கழுத்து மடிப்பும் முதுகும் சிவந்து தோல் உரிகிறது என்று போட்டோ அனுப்பியிருக்கிறார். சல்பேட் இல்லை, பாராபென் இல்லை, சென்ட் இல்லை. எங்கே தப்பு செய்தேன்?

வாசகி, கோவை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில் செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், வேதியியல் பிறகு. குரூப்பில் இன்றே ஒரு செய்தி போடுங்கள்: வாங்கியவர்கள் யாரும் இதை இனி உபயோகிக்க வேண்டாம், பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள், பணம் தருகிறேன். சிவந்த குழந்தையைத் தோல் மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். என்னென்ன எவ்வளவு போட்டீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அந்த அம்மாவிடம் கொடுங்கள், மருத்துவருக்கு உதவும். ‘முதலில் அப்படித்தான் இருக்கும், உள்ளே இருக்கிற நஞ்சு வெளியே வருகிறது’ என்று இந்த வியாபாரத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை மட்டும் சொல்லிவிடாதீர்கள். சொல்லக்கூடியவர் இல்லை என்று கடிதத்திலேயே தெரிகிறது.

இனி உங்கள் கேள்வி. எழுதியதை நான் இரண்டு முறை படித்தேன், ஒரு வார்த்தையைத் தேடி. பி.எச். பார்த்ததாக எங்கும் இல்லை. ஒரு திரவம் புளிப்பா, சோப்பு, சுண்ணாம்புபோலக் காரமா என்று காட்டும் எண் அது: 7 நடுநிலை, அதற்குக் கீழே புளிப்பு, மேலே காரம். சிட்ரிக் ஆசிட் சேர்த்ததாகவும் இல்லை. தப்பு அங்கேதான் இருக்கிறது.

டெசில் குளுக்கோசைட் டின்னில் வரும்போது அதன் பி.எச். பொதுவாக 11.5-லிருந்து 12.5 வரை இருக்கும். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டால் அந்தத் தெளிநீரின் பி.எச். 12.4 பக்கம். சுண்ணாம்பு கூடிப்போனால் வாய் வெந்துபோவது வெற்றிலை போடுகிறவர்களுக்குத் தெரியும். எண் கணக்கில் உங்கள் டின்னும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. சுண்ணாம்பு அளவுக்குக் காரம் அதில் கரைந்து கிடக்கிறது என்று அர்த்தமில்லை. ஆனால் தண்ணீரும் பன்னீரும் சேர்ப்பதால் மட்டும் அது இறங்கிவிடாது. நீங்கள் போட்ட அளவுக்கு, அந்த பாட்டில் 9-க்குக் கீழே இருந்தால் நான் ஆச்சரியப்படுவேன்.

மனிதத் தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டி இருக்கும், லேசான புளிப்பு. பி.எச். அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. 5.5-க்கும் 9.5-க்கும் நடுவே இருப்பது பத்தாயிரம் மடங்கு. அடுப்புச் சாம்பலால் பாத்திரம் தேய்த்த பாட்டிமாரின் கை எப்படி இருந்தது என்று நினைத்துப் பாருங்கள்: தேய்க்கும்போது வழவழ, காய்ந்த பிறகு வறவற. காரம் தோலின் எண்ணெய்ப் படலத்தை எடுத்துவிட்டு, மேல்தோல் செல்களையும் உப்பவைக்கிறது. பெரியவர்களின் தோல் சில மணி நேரத்தில் தன் புளிப்பை மீட்டுக்கொள்ளும். குழந்தைக்கு அது அவ்வளவு சுலபமில்லை. பிறக்கும்போது குழந்தையின் தோல் கிட்டத்தட்ட நடுநிலையில் இருக்கும், புளிப்பு அதற்குப் பிறகுதான் மெல்ல மெல்ல ஏறும். மேல்தோலும் மெல்லிசு. கழுத்து மடிப்பில் வியர்வையும் பாலும் தங்கும், கழுவிவிட்டது சரியாக அலசப்படாமலும் தங்கும். சிவப்பு அங்கே தொடங்கியதில் வியப்பே இல்லை.

வெட்கப்படாதீர்கள், இதே பள்ளத்தில் நானும் விழுந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு மாலை, இதே பொருளில் ஒரு ஃபேஸ் வாஷ் கலக்கினேன். லேபில் பி.எச். பேப்பர் தீர்ந்துபோயிருந்தது. மைல்டான சரக்குதானே என்று வீட்டுக்குக் கொண்டுபோய் நானே முகம் கழுவினேன். நுரை அருமை. பத்து நிமிடத்தில் முகம் வெயிலில் காயப்போட்ட அப்பளம்போல இழுத்தது. மறுநாள் சப்ளையரின் டேட்டா ஷீட்டைப் புரட்டினால் இரண்டாம் பக்கத்தில் பி.எச். அச்சடித்தே இருக்கிறது. சிறு பாட்டில்களில் பிரித்து விற்கிற ஆன்லைன் கடைகள் அந்த இரண்டாம் பக்கத்தைத் தருவதில்லை. முதல் பக்கத்துத் தேங்காய்ப் படத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஏன் இவ்வளவு காரமாக விற்கிறார்கள்? இரண்டு காரணம். ஒன்று, அந்தக் காரத்தில் கிருமி வளராது. ப்ரிசர்வேடிவ் எதுவும் போடாமலே டிரம்மில் மாதக்கணக்கில் நிற்கும். இன்னொன்று, பொருள் உருவாகும் விதம். குளுக்கோஸையும் பத்துக் கார்பன் நீளமுள்ள ஒரு கொழுப்பு ஆல்கஹாலையும் அமிலம் ஒன்றை வினையூக்கியாக வைத்துச் சேர்க்கிறார்கள். வேலை முடிந்ததும் காரம் ஊற்றி அந்த அமிலத்தை அடக்குகிறார்கள். சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் நடுவே உள்ள அந்தப் பிணைப்பு காரத்தைத் தாங்கும், கடும் அமிலத்தில் அறுந்துபோகும். அதனால்தான் காரத்தில் வைத்திருப்பது அவர்களுக்கு நிம்மதி. நீங்கள் பி.எச்.சை இறக்கும்போது 4-க்குக் கீழே போகாமல் இருப்பதும் அதே காரணத்துக்காக.

இந்த வகைச் சேர்மத்தை முதலில் செய்து காட்டியவர் ஜெர்மன் வேதியியலாளர் எமில் ஃபிஷர், 1893-இல். நெடுங்காலம் அது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்துச் சங்கதியாகவே கிடந்தது. ஹென்கல் கம்பெனி 1992-இல் அமெரிக்காவின் சின்சினாட்டியிலும் 1995-இல் ஜெர்மனியின் டுசெல்டார்ஃபிலும் பெரிய ஆலைகள் போட்ட பிறகுதான் ஷாம்பூவுக்குள் தாராளமாக வந்தது. நம் ஊர்ப் பூந்திக்கொட்டையும் சிகைக்காயும் நுரைப்பதும் ஏறக்குறைய இதே வித்தைதான். சர்க்கரைத் துண்டு ஒரு பக்கம், எண்ணெயோடு ஒட்டும் துண்டு இன்னொரு பக்கம், ஆக ஒரு கிளைக்கோசைட். பூந்திக்கொட்டைத் தண்ணீர் இயல்பாகவே புளிப்புப் பக்கம் நிற்கும். கண்ணில் பட்டால் எரியும் என்பது வேறு விஷயம், எண்ணெய்க் குளியல் அன்று அலறியவர்கள் நாம் எல்லோரும்.

பொருளுக்கு உரிய மரியாதையையும் கொடுத்துவிடுகிறேன். சரியாகச் சமன்செய்தால் டெசில் குளுக்கோசைட் உண்மையிலேயே மென்மையானது. அதற்கு மின்னூட்டம் கிடையாது, அதனால் தோலின் புரதத்தைச் சல்பேட்போலப் பற்றிக்கொள்வதில்லை. போர்த் தண்ணீரில்கூட நுரைக்கும். சோப்போ உப்புத் தண்ணீரில் திரிந்து வெள்ளைப் பிசுக்காகத் தோலில் படியும். மகளுக்குக் கடை சோப்பு ஒத்துக்கொள்ளாததற்கு உங்கள் வீட்டுத் தண்ணீரும் காரணமாக இருக்கலாம். சிறுவாணித் தண்ணீரில் இரண்டு வாரம் குளிப்பாட்டிப் பாருங்கள், அந்தச் சோப்பே தேவலாம் என்று தோன்றினாலும் தோன்றும்.

அடுத்தது அளவு. டின்னில் இருப்பது முழுக்க டெசில் குளுக்கோசைட் இல்லை. பாதிக்குப் பாதி தண்ணீர், சரக்கு ஐம்பது சதவீதத்துக்குச் சற்று மேலே. நூற்றுக்கு நாற்பது ஊற்றினால் கழுவும் சரக்கு மட்டும் இருபதுக்கு மேல் வருகிறது. குழந்தைகளுக்கான வாஷில் எல்லாச் சர்ஃபாக்டன்ட்டும் சேர்த்து எட்டைத் தாண்டாமல் வைப்பது என் பழக்கம். டெசிலில் எண்ணெயோடு ஒட்டும் துண்டான பத்துக் கார்பன் வால் கொஞ்சம் குட்டை, அழுக்கோடு தோலின் எண்ணெயையும் சேர்த்து இழுக்கும். இதைத் தனியாகப் போட்டால் தோல் ‘கிறீச்’ என்று ஆவது அதனால்தான். கோகோ குளுக்கோசைட், கோகமிடோப்ரோபைல் பீட்டெய்ன் என்ற வேறு இரண்டு சர்ஃபாக்டன்ட்டுகளைக் கூட்டாளியாகச் சேர்த்தால் எல்லாம் ஒன்றாகத் திரண்டு மைசெல் என்ற உருண்டைகளாக நிற்கும். உருண்டைக்குள் போகாமல் தனியாக அலையும் மூலக்கூறுகள்தான் தோலுக்குள் நுழைந்து எரிச்சல் தருபவை. கூட்டு சேரும்போது அவை குறைகின்றன. அதனால் மூன்று சரக்கு கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டது, ஒரே சரக்கு நிறையப் போட்டதைவிடச் சாது.

எண்ணெய் மிதப்பதற்கு வருகிறேன். ‘எமல்சிஃபையர்’ என்று அவர்கள் போட்டது பொய் இல்லை, பாதி உண்மை. இந்தக் குடும்பத்தில் வாலின் நீளம்தான் வேலையைத் தீர்மானிக்கிறது. எட்டு, பத்துக் கார்பன் வால் உள்ளவை துளி வாசனை எண்ணெயைத் தண்ணீரில் கரையவைக்கும். பன்னிரண்டு, பதினான்கு என்றால் நல்ல கெட்டி நுரை. பதினாறு, பதினெட்டு என்று நீண்டால் நுரை போய், எண்ணெயையும் தண்ணீரையும் க்ரீமாகப் பிடித்துவைக்கும் ஆற்றல் வருகிறது. அதன் பெயர் செட்டியரில் குளுக்கோசைட், க்ரீமுக்குள் போடுவது. பெயரில் ‘குளுக்கோசைட்’ இருக்கிறதே என்று உங்கள் டெசிலிடம் ஐந்து சதவீதத் தேங்காய் எண்ணெயைக் கொடுத்தால், தம்பியிடம் அண்ணன் வேலையைக் கொடுத்த கதைதான். எண்ணெயை எடுத்துவிடுங்கள். நுரையையும் அது கொல்கிறது. எண்ணெய் வேண்டுமென்றால் குளிக்கும் முன்பு தடவிவிடுங்கள், நம் வீடுகளில் காலங்காலமாகச் செய்வதுதான்.

உப்பு பலிக்காததற்குக் காரணம் வேறு. உப்புப் போட்டுக் கெட்டியாக்கும் தந்திரம் சல்பேட் வகைக்குப் பலிக்கும். மின்னூட்டம் இல்லாத இதற்குப் பலிக்காது. சாந்தன் கம் ஒரு கிராமுக்குள், முதலில் கிளிசரினில் குழைத்து, பிறகு தண்ணீரில் விட்டால் கட்டி தட்டாது.

இப்போது எனக்கு உண்மையில் பயமாக இருக்கும் இடம். வைட்டமின் ஈ ப்ரிசர்வேடிவ் இல்லை. எண்ணெய் சிக்கடிக்காமல் தடுக்கும், அவ்வளவுதான். பாக்டீரியாவையோ பூஞ்சையையோ அது தொடாது. அதன்மேல் பன்னீரும், தோட்டத்துக் கற்றாழையும் போட்டிருக்கிறீர்கள், குளியலறையின் ஈரத்திலும் சூட்டிலும் வைக்கப் போகிறீர்கள். இதுவரை கெடாமல் இருந்ததென்றால், குழந்தையின் தோலைச் சிவக்கவைத்த அதே காரம்தான் பாட்டிலைக் காப்பாற்றியிருக்கிறது. பி.எச்.சைச் சரிசெய்த நொடியில் அந்தக் காவல் போய்விடும். பாதி இறக்கி 7-இல் நிறுத்தினால் இரண்டும் கெட்டான். கிருமிக்கு அதுதான் கொண்டாட்டம்.

ப்ரிசர்வேடிவ்களில் சோடியம் பென்சோயேட்டும் பொட்டாசியம் சார்பேட்டும் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அவையும் புளிப்பில்தான் விழித்திருக்கும். பென்சோயேட்டில் வேலை செய்வது அதன் அமில வடிவம். பி.எச். 5-இல் ஏழில் ஒரு பங்கு அந்த வடிவத்தில் இருக்கும். 7-இல் ஆயிரத்தில் இரண்டு பங்குகூடத் தேறாது. ஆக தோலுக்கு எந்த எண் நல்லதோ, அதே எண்தான் பாட்டிலுக்கும் நல்லது. கற்றாழையை விட்டுவிடுங்கள். அப்போது பறித்து அப்போதே தடவுவதற்குரிய சரக்கு அது, பாட்டிலில் அடைக்க இல்லை.

திரும்பச் செய்து பார்க்க ஆசை இருக்கும் என்று தெரியும். உங்கள் கைக்கு, உங்கள் கையில் மட்டும், இப்படிச் செய்யுங்கள். நூறு கிராமுக்கு டெசில் ஐந்து கிராம், கோகோ குளுக்கோசைட் ஐந்து, பீட்டெய்ன் எட்டு, கிளிசரின் மூன்று, அதில் குழைத்த சாந்தன் கம், பென்சோயேட் அரை கிராமுக்குள், சார்பேட் அதில் பாதி, மீதி டிஸ்டில்டு வாட்டர். எல்லாம் கலந்ததும் பார்த்தால் கொஞ்சம் கலங்கலாக இருக்கும். சிட்ரிக் ஆசிட்டைச் சம எடை தண்ணீரில் கரைத்து, துளித்துளியாக விட்டு, ஒவ்வொரு முறையும் நன்றாகக் கிளறுங்கள். பி.எச். இறங்க இறங்கக் கலங்கல் பெருமளவு தெளிவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். பல கம்பெனிச் சரக்கில் மெக்னீசியம் துளி இருக்கும், காரத்தில் கலங்கி நிற்பது அதுதான். முதன்முறை அது தெளிவதைப் பார்த்தபோது எனக்கு ஏதோ மந்திரம்போல இருந்தது. ஆனால் தெளிந்துவிட்டதே என்று நிறுத்தாதீர்கள், பேப்பர்தான் சாட்சி.

சிட்ரிக் ஆசிட் எத்தனை துளி என்று நான் சொல்லமாட்டேன். டின்னுக்கு டின் மாறும். எலுமிச்சம்பழம் பிழிகிற யோசனை வரும், வேண்டாம். ஒரு பழம்போல் இன்னொரு பழம் புளிக்காது, சக்கையும் சர்க்கரையும் கிருமிக்குச் சாப்பாடு. தவறி 4.5-க்குக் கீழே போய்விட்டால் பதற வேண்டாம், முதலிலேயே ஒரு ஸ்பூன் டெசிலை எடுத்து வைத்திருங்கள். அதுவே காரம், கொஞ்சம் விட்டால் ஏறிவிடும். 5-க்கும் 5.3-க்கும் நடுவே நிறுத்துங்கள்.

பேப்பர் பார்க்கும் முறையிலும் ஒரு நுணுக்கம். கெட்டியான வாஷில் பட்டையை நேராக முக்கினால் சாயம் ஊறாது, எண் தப்பாக வரும். ஒரு கிராம் எடுத்து ஒன்பது கிராம் டிஸ்டில்டு வாட்டரில் கரைத்து, அதில் நனையுங்கள். சிவப்பு, நீலம் என்று இரண்டே நிறம் காட்டும் பள்ளிக்கூட லிட்மஸ் போதாது. அரை எண் வித்தியாசம் காட்டும் பட்டை வாங்குங்கள். பேனாபோன்ற மீட்டர் வாங்கினால் 4-க்கும் 7-க்கும் உரிய பஃபர் கரைசலில் அடிக்கடி சரிபாருங்கள், இல்லாவிட்டால் அது காட்டுகிற எண்ணுக்கு ஜோசியம் அளவுக்குத்தான் மதிப்பு.

ஒருவேளை அந்தக் குழந்தைக்கு இது காரத்தால் வந்த எரிச்சலாக இல்லாமல், உண்மையான அலர்ஜியாகவும் இருக்கலாம். அரிது, ஆனால் இல்லாததில்லை. அமெரிக்காவின் தொடுகைத் தோல் அழற்சி மருத்துவர்கள் சங்கம் 2017-ஆம் ஆண்டின் ‘அலர்ஜன்’ (அலர்ஜி தரும் பொருள்) என்று தேர்ந்தெடுத்ததே இந்த ஆல்கைல் குளுக்கோசைட்டுகளைத்தான். 2004-இல் அதே பட்டத்தைப் பெற்றது நான் மேலே சிபாரிசு செய்த பீட்டெய்ன். மைல்டு என்பதற்கும் அலர்ஜி தராது என்பதற்கும் சம்பந்தமில்லை. எரிச்சல் என்றால் சீக்கிரமே தெரியும், எரியும், இழுக்கும், ஒரே பாட்டிலை உபயோகித்த பலருக்கும் கூடவோ குறையவோ வரும். அலர்ஜி ஒன்றிரண்டு நாள் கழித்து, அரிப்போடு, ஒரு சிலருக்கு மட்டும், தொடும்போதெல்லாம் திரும்ப வரும். மற்ற இருபத்தொன்பது வீட்டிலும் கேளுங்கள். ‘குளித்ததும் கொஞ்சம் வறண்டாற்போல இருந்தது’ என்று நாலைந்து பேராவது சொன்னால் குற்றவாளி காரம்தான். அந்தக் குழந்தைக்கு மட்டும் என்றால், தோல் மருத்துவர் தேவைப்பட்டால் பேட்ச் டெஸ்ட் செய்வார். முதுகில் ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, அதற்குப் பிறகும் ஒருமுறை பார்ப்பார்கள். டெசில் குளுக்கோசைட்டுக்கு அலர்ஜி உறுதியானால் அந்த அம்மாவிடம் ஒன்று சொல்ல வேண்டும்: லாரில், கோகோ என்ற சொந்தக்காரர்களும் ஆகாமல் போகலாம், சில சன்ஸ்கிரீன்களில் பிசோக்ட்ரிசோல் என்ற வெயில் வடிகட்டிப் பொருளோடு இது ஒட்டிக்கொண்டு வரும்.

‘சல்பேட் இல்லை, பாராபென் இல்லை’ என்ற பட்டியலைப் பற்றியும் ஒரு வார்த்தை. இல்லாததைச் சொல்லி விற்பது சுலபம். ஒழுங்காக பி.எச். பார்த்து, அளவாகப் போட்ட சல்பேட் வாஷ், உங்கள் பாட்டிலைவிட அந்தக் குழந்தைக்குச் சாதுவாக இருந்திருக்கும். தேங்காய்க் கதையும் அப்படித்தான். தேங்காய் எண்ணெயில் பாதி அளவுக்கு இருப்பது பன்னிரண்டு கார்பன் லாரிக் அமிலம். பத்துக் கார்பன் சரக்கு பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. பனங்கொட்டை எண்ணெயும் இதற்கு மூலப்பொருள். நான் அதைக் குறை சொல்லவில்லை, படத்தில் தென்னை மரம் போடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிறேன்.

கடைசியாக, விற்பது. வாட்ஸ்அப் குரூப்பானாலும் காசு வாங்கினால் அது வியாபாரம். 1940-ஆம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டமும் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகளும் உங்களுக்கும் பொருந்தும். தயாரித்து விற்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையிடம் உரிமம் வேண்டும். சமையலறையில் அது கிடைக்காது. தொடர வேண்டும் என்று மனசிருந்தால் ‘லோன் லைசென்ஸ்’ என்று ஒரு வழி இருக்கிறது: உரிமம் உள்ள ஆலையில், அவர்களின் ஆட்களும் கருவிகளும் கொண்டு, உங்கள் பார்முலாவைச் செய்து வாங்குவது. கிருமிகளை வேண்டுமென்றே விட்டு ப்ரிசர்வேடிவ் தாங்குகிறதா என்று பார்க்கும் சோதனையையும் அப்போது லேபில் கொடுத்துவிடலாம். அதுவரை குரூப்பில் ஆர்டர் எடுக்காதீர்கள்.

திரும்பி வருகிற பாட்டில்களைக் கொட்டிவிடுவீர்கள் அல்லவா, அதற்கு முன் ஒன்றில் மட்டும் ஒரு கிராம் எடுத்து, ஒன்பது கிராம் தண்ணீரில் கரைத்து, பட்டையை நனைத்துப் பாருங்கள். என்ன எண் காட்டியது என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்பதையும்.